மார்க்கய்யாவைப் பிடிக்கவில்லை

வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு வகைக் கடிதம் அடிக்கடி வரும். கதை நன்றாகப் போகிறது, நடை சரளமாக இருக்கிறது, ஆனால் கதாநாயகனைத்தான் பிடிக்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து அவனைக் கொஞ்சம் நல்லவனாக மாற்றிவிடக் கூடாதா என்று கேட்டிருப்பார்கள். கார்டில் வந்த கடிதம் இப்போது கைபேசியில் வருகிறது. வேண்டுகோள் மட்டும் மாறவில்லை. நான் இதைக் கேலி செய்ய மாட்டேன். ஒருவனோடு இருபது முப்பது வாரம் கூடவே நடக்க வேண்டுமென்றால், அவன் சகித்துக் கொள்ளக் கூடியவனாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயந்தான். ரயிலில் எதிர்ப் பலகையில் வந்து உட்காருகிறவரிடம் நாம் எதிர்பார்ப்பதும் அவ்வளவுதானே?

ஆனால் இந்த வேண்டுகோளுக்கு அடியில் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. நமக்குப் பிடித்தவன் நல்லவன், பிடிக்காதவன் கெட்டவன். யாரும் இப்படி வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அசட்டுத்தனமாக இருக்கும். சொல்லாமலே அதன்படி நடக்கிறோம். பெண் கொடுப்பதிலிருந்து பணம் கொடுப்பது வரையில் நடக்கிறோம். பிடிக்காத ஒருவனை நடுவில் உட்கார வைத்து, அவனைச் சுற்றி நம்மைச் சிரிக்கவும் வைக்கிற நாவல் இந்த நம்பிக்கையோடுதான் விளையாடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. விளையாட்டு என்று சொன்னேனே தவிர, விஷயம் விளையாட்டல்ல.

இதை யோசிக்கும்போதெல்லாம் ஆர். கே. நாராயணின் மார்க்கய்யாதான் ஞாபகத்துக்கு வருவார். 'தி ஃபைனான்ஷியல் எக்ஸ்பெர்ட்' என்ற நாவல் 1952-ல் வெளிவந்தது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட புத்தகத்தைப் பற்றித் தமிழில் ஏன் பேச வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. எழுதியவர் புரசவாக்கத்தில் பிறந்தவர். மார்க்கய்யா மனசுக்குள் வட்டிக் கணக்குப் போட்டுக் கொள்வது இங்கிலீஷில் இல்லை என்பதும் நாலு பக்கம் படித்தாலே தெரிந்து போகும்.

மால்குடியில் ஒரு கூட்டுறவு நில அடமான பாங்கு. அதற்கு எதிரே ஓர் ஆலமரம். மரத்தடியில் தகரப் பெட்டியோடு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பெட்டிக்குள் பேனா, மசி, ஒரு கணக்குப் புத்தகம், பாங்கின் கடன் விண்ணப்பப் பாரங்கள். பாரங்களைப் பாங்குப் பியூனிடமிருந்தே சம்பாதித்து வைத்திருக்கிறார். கடன் கேட்டு வருகிற கிராமத்துக்காரனுக்குப் பாரம் பூர்த்தி செய்து கொடுப்பார். எந்தக் கடனை வாங்கி எந்தக் கடனை அடைக்கலாம் என்று யோசனை சொல்வார். ஒவ்வொன்றுக்கும் காசு வாங்கிக் கொள்வார். சொந்தப் பெயர் கிருஷ்ணன். வழி காட்டுகிறவர் என்பதால் மார்க்கய்யா.

இதில் உள்ள வேடிக்கை முழுவதும் புரிய வேண்டுமானால் கூட்டுறவு பாங்கு எதற்காக ஏற்பட்டது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். லேவாதேவிக்காரன் பிடியிலிருந்து விவசாயியை விடுவிப்பதற்காக 1904-ல் இந்தியா முழுவதற்கும் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அந்த வருஷமே திருவள்ளூர் அருகில் திரூரிலும், காஞ்சிபுரத்திலும் சங்கங்கள் தொடங்கிவிட்டார்கள். 1929-ல் சென்னையில் மத்திய நில அடமான பாங்கு ஏற்பட்டது. குறைந்த வட்டி, நீண்ட தவணை, எல்லாம் சரி. ஆனால் பாரம் பூர்த்தி செய்ய வேண்டும். ஜாமீன் காட்ட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத மனிதன் பாங்கின் படியில் கால் வைக்கப் பயந்து திரும்பிப் பார்க்கிறான். திரும்பிப் பார்த்த இடத்தில் ஆலமரம் இருக்கிறது.

பாங்கின் காரியதரிசி காரில் வந்து இறங்குகிறவர். மார்க்கய்யா தரையில் உட்கார்ந்திருக்கிறவர். கிராமத்தானின் பெயரும், நிலமும், அவன் தகப்பன் விட்டுப் போன கடனும் தெரிந்தவர் கீழே உட்கார்ந்திருக்கிற இந்த மனிதர்தான். அவர்களைச் சுரண்டுகிறவரும் அவரேதான். அவர்களுக்கு வேறு ஆள் கிடையாது. இந்த மூன்றும் ஒரே சமயத்தில் உண்மை என்பதை ஒரு பிரசங்கி சொல்லவே முடியாது. அவர் ஏதாவது ஒன்றைப் பிடித்துக் கொள்ள வேண்டியிருக்கும். ஹாஸ்ய ஆசிரியருக்கு அந்தக் கஷ்டம் இல்லை; மூன்றையும் ஒரு பாய் விரிப்பில் உட்கார வைத்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார்.

சரி, இந்த மனிதரிடம் பிடிப்பதற்கு என்ன இருக்கிறது? நான் தேடிப் பார்த்திருக்கிறேன். மனைவியிடம் அதிகாரம். பக்கத்து வீட்டில் இருக்கும் அண்ணனோடு தீராத மனஸ்தாபம். தன்னைவிடப் பெரியவன் எதிரே குழைவது, அவன் போன பிறகு மனசுக்குள் அவனைத் திட்டுவது. ஒரே பிள்ளை பாலுவுக்குக் கண்மூடித்தனமாகச் செல்லம் கொடுத்துவிட்டு, பிறகு அவன் பரீட்சையில் தேறவில்லை என்று பாய்வது. லட்சுமி கடாட்சத்துக்காக நாற்பது நாள் பூஜை செய்கிறார். பூஜைக்குத் தாமரை பறிக்கப் போன இடத்தில் டாக்டர் பால் என்ற பேர்வழி கொடுத்த கையெழுத்துப் பிரதிதான் அவர் அதிர்ஷ்டத்துக்குக் காரணம். அது தாம்பத்திய ரகசியங்களைப் பற்றிய புத்தகம். அச்சுப் போட்டுப் பணம் சேர்த்த பிறகு அந்தப் புத்தகத்தோடு தன் பெயரைச் சேர்த்துச் சொன்னால் கூசுகிறார். பணத்தைத் தொடக் கூசவில்லை. பிள்ளைக்குப் பெரிய இடத்தில் பெண் பார்க்கும்போது ஒரு ஜோசியர் ஜாதகம் பொருந்தாது என்கிறார். பொருந்தும் என்று சொல்லக்கூடிய இன்னொரு ஜோசியர் கிடைக்காமலா போய்விடுவார்?

ஆசிரியர் நினைத்திருந்தால் இந்த மனிதருக்குக் கொஞ்சம் வசீகரம் கொடுத்திருக்கலாம். அவருக்கு அந்த வித்தை தெரியாமல் இல்லை. 1958-ல் வந்த 'தி கைடு' நாவலில் வரும் ராஜுவைப் பாருங்கள். இன்னொருவன் மனைவியை அபகரித்துக் கொள்கிறான். அவள் ஆடிச் சம்பாதித்த பணத்தில் ராஜபோகமாக வாழ்கிறான். அவள் கையெழுத்தைப் போட்டுவிட்டுச் சிறைக்குப் போகிறான். நீதி ஸ்தலத்தில் நிறுத்தினால் மார்க்கய்யாவைவிட இவன் குற்றம் கனமானது என்றுகூடச் சொல்லலாம். இருந்தும் ராஜுவைப் பிடிக்கவில்லை என்று சொன்ன வாசகரை நான் சந்தித்ததில்லை. அவனுக்குப் பேசத் தெரியும். சிரிக்கத் தெரியும். எதிரே இருப்பவர் எதைக் கேட்க ஆசைப்படுகிறார் என்று தெரியும். மார்க்கய்யாவுக்கு இந்தச் சாமர்த்தியங்கள் இல்லை; பணத்தைப் பற்றிய சாமர்த்தியம் ஒன்றுதான் உண்டு. நம் தராசில் எந்தத் தட்டு எதனால் தாழ்கிறது என்று பார்க்க வேண்டுமானால் இந்த இரண்டு புத்தகங்களையும் அடுத்தடுத்துப் படித்தால் போதும்.

தமிழில் நாம் அயோக்கியனை ரசிப்பதில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கொத்தமங்கலம் சுப்புவின் 'தில்லானா மோகனாம்பா'ளில் வரும் வைத்தியை நம் ஜனங்கள் கதாநாயகனைவிட அதிகமாக ஞாபகம் வைத்திருக்கிறார்கள். 1968-ல் நாகேஷ் அவனாக வந்த பிறகு கேட்கவே வேண்டாம். ஆனால் வைத்திக்கு நாம் கொடுத்திருக்கும் இடம் திண்ணை. உள்ளே கூடத்தில் சண்முகசுந்தரம் இருக்கிறான். அவன் கோபக்காரன், கர்வி, ஆனாலும் கலைஞன், யோக்கியன். காப்பியத் தலைவன் ஒப்பற்றவனாக இருக்க வேண்டும் என்று தண்டியலங்காரம் விதித்ததை நாவலாசிரியர்களான நாங்களும் முழுவதும் மறந்துவிடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். கூடத்திலேயே அயோக்கியனை உட்கார வைத்ததற்கு நம்மிடம் பெரிய உதாரணம் நாவலில் இல்லை, நாடகத்திலும் சினிமாவிலும் இருக்கிறது. 'ரத்தக் கண்ணீர்' மோகனாக எம். ஆர். ராதா பேசிய பேச்சுக்குச் சிரிக்காதவர்கள் யார்? 1954-ல் வந்த அந்தப் படத்தில், சிரித்த பாவத்துக்குப் பிராயச்சித்தம் போல அவனுக்குக் குஷ்டரோகம் வந்து சேருகிறது. ரோகத்தைத் தண்டனையாகக் காட்டியது அந்த ரோகிகளுக்குச் செய்த அநியாயம். அது ஒரு புறம் இருக்கட்டும். நாம் வயிறு வலிக்கச் சிரித்ததற்கான கணக்கை ஆசிரியரே தீர்த்து, நம்மைச் சுத்தமாக வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். நாராயண் அப்படி அனுப்புவதில்லை. இது என்னைப் பொறுத்த வரையில் அவருடைய பலம். எல்லோருக்கும் அப்படித் தோன்ற வேண்டியதில்லை என்பதை எனக்குப் புரிய வைத்தவர் ஓர் இளைஞர்.

நான் இருப்பது சிறுசேரியில். ஏரியும் வயலுமாக இருந்த கிராமம், சிப்காட்டின் தொழில்நுட்பப் பூங்கா வந்த பிறகு இன்னதென்று சொல்ல முடியாத ஓர் ஊராக ஆகியிருக்கிறது. கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே எருமைகள் போகும். பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் டீக்கடை பெஞ்சில் ரெக்ஸின் பையோடு ஒருவர் தவறாமல் உட்கார்ந்திருப்பார். பையில் பட்டா நகல்கள், வில்லங்கச் சான்றுகள், யாருடையவோ பவர் பத்திரம். பாகம் பிரியாத சொத்தில் தன் பங்கு எவ்வளவு என்று தெரியாத கிழவிக்கு இவரைவிட்டால் வேறு கதி இல்லை. அவள் பங்கு அவள் கைக்கு வரும்போது எவ்வளவு குறைந்திருக்கும் என்பதும் இவருக்குத்தான் தெரியும். மார்க்கய்யா கற்பனைப் பாத்திரம் என்று நம்புவது இந்தச் சாலையில் கொஞ்சம் கஷ்டம்.

எங்கள் குடியிருப்பில் மேல் மாடியில் இருக்கும் அந்த இளைஞர் பூங்காவில்தான் வேலை பார்க்கிறார். நல்ல வாசகர். புத்தகத்தைக் கொடுத்தேன். மூன்றாம் நாள் திருப்பிக் கொண்டுவந்து வைத்தார்.

"நல்லா எழுதியிருக்கார் ஸார். ஆனா என்னால சிரிக்க முடியலை."

"ஏன்?"

"எங்கப்பா அந்த வரிசையில நின்னவர் ஸார்."

நாவலின் கடைசிப் பகுதியில் அந்த வரிசை வருகிறது. போர்க்காலத்தில் மார்க்கய்யா டெபாஸிட் வாங்க ஆரம்பிக்கிறார். வேறு யாரும் கொடுக்காத வட்டி. ஒருவன் போட்ட பணத்தில் இன்னொருவனுக்கு வட்டி. வீட்டு அறைகளில் நோட்டுக் கட்டுகள் குவிகின்றன. பிறகு டாக்டர் பாலைச் செருப்பால் அடிக்க, பால் ஊரெல்லாம் வதந்தி கிளப்ப, வாசலில் கூட்டம் சேர்ந்து விடுகிறது. கையில் இருக்கிற வரையில் கொடுத்துவிட்டு மார்க்கய்யா திவாலாகிறார். படிக்கும்போது அது ஒரு புயல் அடித்து ஓய்கிற மாதிரி இருக்கும். வரிசையில் நின்றவர்கள் யார், எத்தனை பேர் வெறுங்கையோடு திரும்பினார்கள், அன்று இரவு அவர்கள் வீட்டில் என்ன பேசிக் கொண்டார்கள் என்பதை நாவல் சொல்லாது.

இளைஞரின் தகப்பனார் தாம்பரத்தில் இருந்தவர். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தைப் பெண்ணின் கல்யாணத்துக்கென்று ஒரு நிதிக் கம்பெனியில் போட்டிருந்தார். 1990-களில் சென்னையில் அப்படிப் பல கம்பெனிகள் விழுந்தன. டெபாஸிட்தாரர்களைக் காப்பாற்ற 1997-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று. சட்டம் வந்தது, அவருக்குப் பணம் பெரும்பாலும் வரவில்லை. பெண்ணின் கல்யாணம் தள்ளிப் போயிற்று.

எனக்கு ஒரு கேள்விதான் கேட்கத் தோன்றியது. அந்தக் கம்பெனிக்காரர் எப்படிப்பட்ட மனுஷர்?

"அதுதான் ஸார் வேடிக்கை. தங்கமான மனுஷன்னு அப்பா சொல்வார். வீட்டுக்கு வந்தா பாட்டி கால்ல விழுந்து நமஸ்காரம் பண்ணுவாராம். காப்பியைப் பாதிதான் குடிப்பாராம், போதும் மாமின்னு. இப்பவும் அப்பா அவரைத் திட்ட மாட்டார். கூட இருந்தவங்கதான் கெடுத்துட்டாங்கன்னு சொல்வார்."

இவ்வளவுதான் அவர் சொன்னது. நான் ஒன்றும் பதில் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து இதை யோசித்துக் கொண்டிருக்கிறேன். அந்தப் பெரியவருக்குக் கம்பெனிக்காரரைப் பிடித்துப் போயிற்று, பணம் போட்டார். மார்க்கய்யாவைப் போன்ற ஒருவர், சிடுமூஞ்சியாக, அரைகுறையாக, பார்வையில் பேராசை தெரிய வாசலில் வந்து நின்றிருந்தால் காப்பிகூடக் கொடுத்திருக்க மாட்டார். பிடிப்பது என்பது அவர் விஷயத்தில் அறிவின் வேலையையும் நியாயத்தின் வேலையையும் சேர்த்துப் பார்த்துவிட்டது. பணம் போன பிறகும் விடவில்லை; இன்னும் அவருக்காக வக்காலத்து வாங்கிக் கொண்டிருக்கிறது.

இது நம் காலத்து வியாதி மட்டுமல்ல. 1906 அக்டோபர் 10-ந் தேதி நாராயண் பிறந்தார். அதே மாதம் 22-ந் தேதி சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி திவாலாயிற்று. நூறு வருஷத்தை நெருங்கிக் கொண்டிருந்த ஸ்தாபனம். அதன் தலைவர் ஸர் ஜார்ஜ் ஆர்பத்நாட், பட்டம் பெற்ற துரை. வக்கீல்களும், பென்ஷன்காரர்களும், விதவைகளும் அங்கே பணம் போட்டிருந்தார்கள். துரைக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் கிடைத்தது. அடுத்த வருஷம் வி. கிருஷ்ணஸ்வாமி அய்யர் முதலானவர்கள் முயற்சியில் இந்தியன் பாங்கு பிறந்தது. பணம் போட்டவர்களில் யாரும் துரையின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். பெரிய மனுஷன் என்பது போதுமானதாக இருந்தது.

ஆகவே, வசீகரமில்லாத ஒருவரைக் கதாநாயகராக்கியது நமக்குச் செய்த உபகாரம் என்பது என் கட்சி. அவர் நம்மை மயக்குவதில்லை. மயக்கம் இல்லாத இடத்தில்தான் ஒருவன் என்ன செய்கிறான், ஏன் செய்கிறான், அதில் எவ்வளவு நம் காரியம் மாதிரியே இருக்கிறது என்று நிதானமாகப் பார்க்க முடிகிறது. மார்க்கய்யாவின் முன்னோர் பிணம் தூக்கிப் பிழைத்தவர்கள். அந்தக் கதையை யாராவது எடுத்துவிடப் போகிறார்களே என்று அவர் பயப்படுகிறார். பணம் வந்தால் அந்த வாயெல்லாம் அடைபடும் என்று அவர் கணக்குப் போடுவது தப்பான கணக்கும் அல்ல. அதைப் படித்துவிட்டு அவரைப் பிடித்துப் போக வேண்டிய அவசியமில்லை. மன்னிக்க வேண்டிய அவசியமும் இல்லை. தெரிந்து கொண்டால் போதும்.

ஆனால் இந்த வாதம் இளைஞரின் ஆட்சேபணையை முழுவதும் தீர்த்துவிடவில்லை. ஆசிரியர் ஒரு காரியம் செய்திருக்கிறார், கவனியுங்கள். மார்க்கய்யாவிடம் வந்து குவிகிற பணத்தை யுத்தத்தில் கொழுத்த கறுப்புப் பணமாக வைத்திருக்கிறார். அது போனால் நமக்கு என்ன நஷ்டம்? சிரிக்கலாம். பெண் கல்யாணத்துக்கு வைத்த பணம் என்று ஒரே ஒருவனைப் பெயர் சொல்லி வரிசையில் நிறுத்தியிருந்தால் புத்தகம் அந்த இடத்திலேயே உடைந்து போயிருக்கும். நாவலாசிரியன் என்ற முறையில் அந்தத் தந்திரம் எனக்குப் புரிகிறது. எந்த ஹாஸ்ய நாவலும் யாரோ ஒருவரைச் சட்டகத்துக்கு வெளியே நிறுத்தித்தான் நடக்கிறது. வெளியே நிற்கிறவரின் பிள்ளை புத்தகத்தை வாங்கிப் படிக்கும்போது அவருக்கு அந்த இடம் காலியாகத் தெரியவில்லை. அதில் யார் நிற்கிறார் என்று அவருக்குத் தெரியும். அவரைச் சிரிக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. புத்தகம் பொய் சொல்கிறது என்று அவரும் சொல்லவில்லை.

கன்னடத்தில் நாகாபரணா இந்த நாவலை 1983-ல் 'பாங்கர் மார்க்கய்யா' என்று படமாக எடுத்தார். லோகேஷ் மார்க்கய்யாவாக நடித்தார். சிறந்த கன்னடப் படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. தமிழில் யாரும் முயலவில்லை என்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. நம் தயாரிப்பாளர் முதலில் கேட்கப் போவது, கடைசியில் இவர் திருந்துவாரா என்பதாக இருக்கும்.

திருந்துவதில்லை. எல்லாம் போன பிறகு மார்க்கய்யா பிள்ளையைக் கூப்பிட்டு, பழைய தகரப் பெட்டியை எடுத்துக் கொண்டு போய் ஆலமரத்தடியில் உட்கார், பிழைத்துக் கொள்ளலாம் என்கிறார். பாலுவுக்கு வெட்கம், நாலு பேர் என்ன சொல்வார்கள்? அப்படியானால் நானே போகிறேன் என்கிறார் மார்க்கய்யா. இதைச் சொல்லிவிட்டுப் பேரக் குழந்தையை எடுத்து வரச் சொல்கிறார். இத்தனை நாள் பணத்துக்கு நடுவில் அதனோடு விளையாட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.